உரியவரிடம் சொல்ல வேண்டியது

இந்த விஷயத்தை நம் சங்க ஏட்டில் எழுதலாமா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். வீட்டிலே பெண்மக்களும் பிள்ளைகளும் எடுத்து வாசிக்கும் ஏடாயிற்றே என்பது அவர்களுடைய தயக்கம். அந்தத் தயக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஜாசின் வட்டாரத்தில் நிக்காஹ் செய்துகொள்ளப் போகும் நம் வாலிபர் ஒவ்வொருவரும், மணப்பெண் ஒவ்வொருவரும், விவாக விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். இருபது வயதுப் பெண்பிள்ளை கையை நீட்டி இரத்தம் கொடுக்கும் ஒரு காரியத்தைப் பற்றி அவளுடைய வாப்பாவும் மாமாவும் வாய் திறக்கக் கூசுவது பொருத்தமாக நமக்குப் படவில்லை. ஆகவே எழுதுகிறோம்.

இந்த முன்விவாகப் பரிசோதனையை முஸ்லிம்களுக்குக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் ஜொகூர், ஆண்டு 2001. பின்னர் மற்ற மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. முஸ்லிமல்லாத நம் தோட்டத்துச் சகோதரர்களுக்கு இது கட்டாயமில்லை. விரும்பினால் அவர்களும் செய்துகொள்ளலாம். பரிசோதனையில் கிருமி இருப்பதாகத் தெரிந்தால் நிக்காஹே நின்றுவிடும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. முதற் பரிசோதனையை உறுதிசெய்ய மறு பரிசோதனை உண்டு. அதன்பின் இருவருக்கும் ஆலோசனை சொல்லப்படுகிறது. தெரிந்துகொண்டு மணம் செய்வதோ விலகுவதோ அவ்விருவருடைய முடிவு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சீட்டு ஒரு நாளைய நிலைமையை மட்டுமே காட்டுவது. கிருமி உடம்பில் புகுந்த முதற் சில வாரங்களில் பரிசோதனை அதைக் காட்டாமலும் போகலாம். நிக்காஹ் முடிந்து ஐந்து வருஷமோ பத்து வருஷமோ கழித்துக் கணவனுக்குக் கிருமி வந்தால் எந்த இலாகாவும் படிவம் கேட்பதில்லை. மணமாகும் முன் சர்க்கார் கேட்டது. மணமான பின் கேட்பார் எவருமில்லை. அப்போது சொல்ல வேண்டிய பொறுப்பு கிருமியுள்ளவர் தலையிலேயே விழுகிறது. அந்தச் சொல்லைப் பற்றியதுதான் இந்தப் பாடம்.

எச்.ஐ.வி. என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்லத் தின்னும் கிருமி. வைத்தியமின்றி விட்டால் பல வருஷங்களில் எய்ட்ஸ் என்னும் முற்றிய நிலைக்குக் கொண்டுபோகும். உடலுறவினாலும், இரத்தத்தினாலும், ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் குத்திக்கொள்வதாலும், தாயிடமிருந்து பிள்ளைக்குக் கருவிலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் பரவுவது. ஒரே தட்டில் உண்பதாலும், கைகொடுத்து ஸலாம் சொல்வதாலும், கொசு கடிப்பதாலும் பரவாது. இவ்வளவு போதும், மற்றதை டாக்டர் சொல்வார்.

மலேசியாவில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 1986-ல். அதே ஆண்டில்தான் தமிழகத்திலும் தெரியவந்தது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவிலேயே முதன்முதலாக இக்கிருமியை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். அந்நாளில் பலரும் இது வழிதவறிய சிலருடைய நோய், நம் வீட்டுக்கு வராது என்றே நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பதை நாமக்கல்லில் பார்க்கலாம்.

நாமக்கல் லாரிகளுக்குப் பேர்போன ஊர். லாரி கட்டுவதும் அங்கே, லாரி ஓட்டுவோரும் அங்கே. அவ்வூரைச் சேர்ந்தவர் பெரியசாமி கௌசல்யா. 1995-ல், இருபது வயதில், உறவுக்காரரான லாரி ஓட்டுநர் ஒருவருக்கு மணம் செய்துவைக்கப்பட்டார். மணமாகிச் சிறிது காலத்திலேயே தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தார். தம் கணவருக்கு மணத்திற்கு முன்பே இது தெரிந்திருந்தது என்பதையும் அறிந்தார். கௌசல்யா மூலையில் முடங்கிவிடவில்லை. தமக்கு நேர்ந்ததை வெளிப்படையாக ஊரறியச் சொன்னார். 1998-ல் சென்னையில், தம்மைப்போன்ற பெண்கள் சிலரோடு சேர்ந்து, கிருமியுள்ள பெண்களுக்கென்றே ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு ஆடவனை, அதாவது தாலி கட்டிய கணவனை, அன்றி வேறு எவரையும் அறியாதவர்கள்.

நம் குடும்பங்களில் சம்பந்தம் பேசும்போது என்னென்ன விசாரிக்கிறோம் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கவும். பையனுக்குச் சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா வாடகை வீடா, உம்மாவழி யார், வாப்பாவழி யார், ஊரில் எந்தத் தெரு, சீர் என்ன, மஹர் என்ன. ஒரு பழைய மோட்டார்சைக்கிள் வாங்குவதானாலும் இன்ஜினைத் திறந்து பார்க்கிறோம். நாமக்கல்லிலும் இப்படியெல்லாம் விசாரித்திருப்பார்கள். சொந்தத்துக்குள்ளேயே செய்த சம்பந்தமல்லவா! எல்லாம் விசாரித்த இடத்தில், தெரிந்திருந்த ஒரே ஒருவர் சொல்ல வேண்டிய ஒரே ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

நிற்க. அதே 1995-ல் சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் நடந்தது. ஒருவர், வேறொருவருடைய அறுவை சிகிச்சைக்காக இரத்தம் கொடுக்க முன்வந்தார். இரத்தத்தைச் சோதித்ததில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்த டிசம்பரில் அவருக்கு விவாகம் நிச்சயமாகியிருந்தது. செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போயிற்று, விவாகம் நின்றது. அதோடு நில்லாமல் ஊர் முழுவதும் பரவி, அவர் சொந்த ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. ஆஸ்பத்திரி தம் இரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1998 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது டாக்டரின் கடமைதான். ஆனால் அவரை மணக்கப்போகும் பெண்ணின் உயிருக்கு ஆபத்து என்னும்போது அவளுக்குத் தெரிவித்தது குற்றமாகாது என்பது தீர்ப்பின் சாரம். இத்தகையவர் மணம் செய்யும் உரிமையைப் பற்றியும் அந்தத் தீர்ப்பில் கடுமையான கருத்துக்கள் இருந்தன. அவை வழக்குக்கு அவசியமில்லாதவை என்று 2002-ல் அதே நீதிமன்றம் ஒதுக்கிவைத்தது. பெண்ணுக்குத் தெரிவித்தது தவறில்லை என்பது மட்டும் நின்றது.

இவ்விரு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது நமக்கு ஒன்று தெளிவாகிறது. நாமக்கல்லில் சொல்ல வேண்டியவளுக்குச் சொல்லப்படவில்லை. சென்னையில் சொல்ல வேண்டியவளுக்கும் தெரிந்தது; சொல்லத் தேவையில்லாத ஊருக்கும் தெரிந்தது. அந்தப் பெண் தெரிந்துகொண்டது நியாயம். ஊர் தெரிந்துகொண்டு அந்த மனிதரை விரட்டியது எந்த வகையில் நியாயம்? கிருமியின் செய்தி ஓர் அமானிதம் போன்றது. அமானிதத்தை உரியவரிடம் கொடுக்காமல் ஒளிப்பதும் தவறு. உரிமையில்லாதவரிடம் கொடுத்துவிடுவதும் தவறு. பிறர் குறையை மூடிவைக்கும்படி நமக்குச் சொல்லித்தந்த அதே மார்க்கம்தான் பிறருக்குத் தீங்கிழைக்காதே என்றும் சொல்லித்தந்தது. முதலாவதைக் காட்டி இரண்டாவதைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பவரை நாம் கண்டிருக்கிறோம். “ஐபை மறைக்கச் சொல்லியிருக்கிறதே” என்பார்கள். மனைவியின் உடம்பில் கிருமியை ஏற்றிவிட்டு மறைப்பதற்கு அந்தப் போதனையில் இடமில்லை.

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. எச்.ஐ.வி. உறுதியானால் டாக்டர் சுகாதார இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின் விதி. இந்த அறிவிப்பு அரசாங்கத்தின் பதிவேட்டுக்குப் போவது. வீட்டுக்குத் தானாக வந்து சேரும் தபால் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தமக்குத் தொற்றுநோய் இருப்பதை அறிந்தும் அது பரவக்கூடிய காரியத்தைச் செய்வது அதே சட்டப்படி குற்றம். பீனல் கோடின் 269, 270-ஆம் பிரிவுகளும் இத்தகைய செயலைத் தண்டிக்கின்றன. ஆயினும் சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவது நம் நோக்கமன்று. பயத்தால் பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. அவர்களால் விளையும் தீங்கு இன்னும் பெரிது.

இனி, நம் பக்கத்திலேயே ஒருவரை வைத்துப் பேசுவோம். கற்பனையாகவே வைத்துக்கொள்வோம். செம்பனைத் தோட்டத்திலிருந்து குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர். வயது நாற்பதுக்குள். ஜாசினில் வாடகை வீடு, மனைவி, இரண்டு பிள்ளைகள். இளையது இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. இரண்டு மாதமாக இருமல் நிற்கவில்லை, உடம்பு இளைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்தார்கள்; காசநோய். காசநோய் கண்டவருக்கு எச்.ஐ.வி. சோதிப்பதும் வழக்கம். சோதித்தார்கள், இருந்தது. எப்போது வந்தது, எங்கே வந்தது என்பதெல்லாம் அவருக்கும் படைத்தவனுக்கும் தெரியும், நமக்கு வேண்டாம். காசநோய் மருந்தை வீட்டில் அலமாரிமேல் வைக்கிறார். மற்ற மருந்தை லாரியில் இருக்கைக்கு அடியில் வைக்கிறார்.

இந்த மனிதர் ஏன் சொல்லவில்லை? மனைவிமேல் அன்பில்லாததாலா? அப்படி நாம் நினைக்கவில்லை. சொன்னால் அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மெர்லிமாவில் இருக்கும் தன் உம்மா வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று பயம். மச்சினன்மார் கேட்பார்களே என்று பயம். பள்ளிவாசலில் பக்கத்தில் நிற்பவர் நகர்ந்து நிற்பாரோ என்று பயம். இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு வெட்கம்: எப்படி வந்தது என்று அவள் கேட்கும் அந்த ஒரு கேள்வி. நாளை சொல்வோம், உடம்பு தேறட்டும், பெருநாள் கழியட்டும் என்று நாள் தள்ளுகிறார். தள்ளும் ஒவ்வொரு நாளும் அந்தச் செய்தி இன்னும் கனக்கிறதே தவிர இலேசாவதில்லை. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் “இப்படி ஆகிவிட்டது” என்பதோடு முடிந்திருக்கும். ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் “இத்தனை நாள் தெரிந்துமா?” என்ற இரண்டாவது கேள்வியும் சேர்ந்துகொள்ளும். பெண்கள் முதற் கேள்வியை மன்னித்தாலும் இரண்டாவதை மன்னிப்பது கடினம்.

ஆனால் நாள் தள்ளுவதால் வரும் பெரிய நஷ்டம் வேறு. கிருமி பட்டிருக்கக்கூடிய ஒருவர் 72 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால், 28 நாள் மருந்து சாப்பிட்டுக் கிருமி நிலைகொள்ளாமல் தடுக்கலாம். மனைவிக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால், சீக்கிரம் மருந்து தொடங்கும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு ஆயுள். பிள்ளையின் விஷயமோ இன்னும் முக்கியம். நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. சோதிப்பது 1998 முதல் அரசாங்கக் கிளினிக்குகளில் நடந்துவருகிறது. வைத்தியமில்லாமல் விட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. முறையான வைத்தியத்தால் அதை 5-க்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். இந்த வேலையைச் செம்மையாகச் செய்ததற்காக 2018-ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதை முதலில் பெற்றது நம் நாடே. ஆனால் நம் ஓட்டுநரின் மனைவி கர்ப்பமாயிருந்தபோது சோதித்ததில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு வந்திருந்தால்? கிளினிக்கில் மிஸ்ஸிக்கு அது எப்படித் தெரியும்? பால் குடிக்கும் பிள்ளையின் செய்தி லாரி இருக்கைக்கு அடியில் அல்லவா இருக்கிறது!

இங்கே ஒரு நற்செய்தியையும் சொல்லிவிட வேண்டும். சொல்லப் பயப்படுபவருக்கு மிகவும் உதவக்கூடிய செய்தி. கணவன் மனைவியரில் ஒருவருக்குக் கிருமியிருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் வைத்து ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினார்கள். சென்னையும் அதில் ஓர் இடம். கிருமியுள்ளவர் காலம் தாழ்த்தாமல் மருந்து தொடங்கினால் துணைவருக்குப் பரவுவது நூற்றுக்கு 96 பங்கு குறைகிறது என்று 2011-ல் அறிவித்தார்கள். ஐரோப்பாவில் நடத்தி 2016-ல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி அதற்கும் மேலே போயிற்று. மருந்தால் இரத்தத்தில் கிருமியின் அளவு மிகவும் தாழ்ந்துவிட்டவர்களிடமிருந்து, உறையின்றி 58,000 தடவை உறவு கொண்டும், துணைவருக்குப் பரவியதாக ஒன்றுகூட இல்லை. ஆகவே மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, கிருமி பரிசோதனைக்கு அகப்படாத அளவுக்குத் தாழ்ந்து, அப்படியே நிலைத்துவிட்டால், உடலுறவினால் பரவாது என்று இன்று டாக்டர்கள் உறுதியாகவே சொல்கிறார்கள். அந்த நிலைக்கு வர ஆறு மாதம்வரை ஆகலாம். அதுவரை உறை அவசியம். கிருமியில்லாத துணைவர் முன்கூட்டியே சாப்பிடும் தடுப்பு மாத்திரையும் உண்டு. நோய்க்கான முதல்நிலை மருந்துகள் அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமக்களுக்கு இலவசம்.

உடனே ஒருவர் கேட்பார்: “பரவாது என்றால் சொல்லத்தான் வேண்டுமா? வீணாக அவள் மனத்தை ஏன் கலக்க வேண்டும்?” நியாயமான கேள்வி, தட்டிவிடக்கூடாது. நம் பதில் இது. மருந்து வேலை செய்யத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காலம் இருந்ததல்லவா? அந்தக் காலத்தில் அவளுக்குத் தொற்றியதா இல்லையா என்பது அவள் இரத்தம் கொடுத்தால்தான் தெரியும்; விஷயம் தெரியாமல் அவள் ஏன் இரத்தம் கொடுக்கப் போகிறாள்? மேலும் ஆயுள் முழுதும் நாள் தவறாமல் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஒரே கூரையின் கீழ் எத்தனை வருஷம் ஒளிக்க முடியும்? ஒளித்துச் சாப்பிடுபவர் நோன்புப் பெருநாளுக்கு மாமியார் வீட்டில் மூன்று நாள் தங்கினால் மூன்று நாள் மருந்தை விடுவார். மருந்து விட்டால் கிருமி மறுபடி தலைதூக்கும். மாறாக, மனைவி அறிந்திருந்தால் ஸஹருக்குச் சோறு எடுத்துவைக்கும்போது மாத்திரையையும் எடுத்துவைப்பாள்.

எப்படிச் சொல்வது என்பதற்கு வருவோம். தனியே சொல்லத் துணிவில்லாதவர் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஜாசினிலோ மெர்லிமாவிலோ உள்ள கிளினிக் கெசிஹாத்தானில், அல்லது வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரியில், “என் மனைவியை அழைத்து வருகிறேன், நீங்கள் உடனிருந்து சொல்லுங்கள்” என்று டாக்டரிடமோ ஆலோசகரிடமோ கேட்கலாம். அவர்கள் இதைப் பலமுறை செய்தவர்கள். அவள் கேட்கும் வைத்தியக் கேள்விகளுக்கு அங்கேயே பதில் கிடைக்கும். இந்த வகை உதவியை உலகச் சுகாதார ஸ்தாபனமும் 2016 முதல் வற்புறுத்தி வருகிறது. வேறொரு முறையும் அதில் உண்டு. முன்பு தலாக் ஆன மனைவிக்கோ, பழைய தொடர்பு ஒன்றுக்கோ நேரில் சொல்ல முடியாதவர் இருப்பார். அவர்களும் இரத்தம் பார்க்க வேண்டியவர்களே. அப்போது சுகாதார ஊழியர், இன்னார் சொன்னார் என்று பெயர் சொல்லாமலே, “நீங்கள் பரிசோதனை செய்துகொள்வது நல்லது” என்று அவர்களுக்குத் தெரிவிக்கலாம். பழைய கதை ஆயிற்றே என்று விட்டுவிடுபவர்கள்தாம் அதிகம். மறந்துபோன அந்தப் பெண் இப்போது வேறொருவருக்கு மனைவியாக, கையில் பிள்ளையோடு இருக்கலாம் என்பது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை.

வீட்டிலேயே சொல்ல விரும்புகிறவர், பிள்ளைகள் தூங்கிய பிறகு, கோபமில்லாத ஒரு பொழுதைப் பார்க்கட்டும். சுற்றி வளைக்க வேண்டாம். நம் ஓட்டுநரின் வீட்டில் அது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

“என்ன மச்சான், சாப்பாட்டை அளைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?”

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஆஸ்பத்திரியிலே சளி மட்டும் பார்க்கலே, இரத்தமும் பார்த்தாங்க. எச்.ஐ.வி. இருக்குன்னு சொல்லிட்டாங்க. மருந்து ஆரம்பிச்சாச்சு. நீயும் சின்னதும் இரத்தம் பார்க்கணும். நாளைக்கு நான் லாரி எடுக்கலே; சேர்ந்தே போவோம்.”

இவ்வளவுதான். நோயின் பெயர், வைத்தியம் உண்டு என்பது, அவள் செய்ய வேண்டியது, தாம் உடன் வருவது. எப்படி வந்தது என்று அவள் கேட்பாள், அழுவாள், பேசாமல் எழுந்து போனாலும் போவாள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்லாதிருப்பது நல்லது. உடனே எல்லாவற்றையும் விவரித்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. அன்றிரவே மன்னிப்பை எதிர்பார்ப்பது பேராசை.

இதுகாறும் கணவன் சொல்வதையே பேசினோம். பல குடும்பங்களில் கதை தலைகீழாக நடக்கிறது. கர்ப்பமான பெண்ணுக்குக் கிளினிக்கில் முதலில் பரிசோதனை நடக்கிறது. அவளுக்கு முதலில் தெரிகிறது. முதலில் தெரிந்தவளே முதலில் கொண்டுவந்தவள் என்று புருஷன் வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள்! தமிழகத்தில் எத்தனையோ பெண்கள் இப்படிப் பழி சுமந்து வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். முதலில் சோதிக்கப்பட்டவர் யார் என்பதிலிருந்து முதலில் தொற்றியவர் யார் என்பது தெரியாது; இதை மாமியார்மார் சற்று மனத்தில் இருத்த வேண்டும். இதையெல்லாம் கண்டதனால்தான் 2017-ல் இந்தியாவில் நிறைவேறிய எச்.ஐ.வி. சட்டம், துணைவருக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியபோதே, அடி உதைக்கோ கைவிடப்படுவதற்கோ அஞ்சும் பெண்ணுக்கு விலக்கும் அளித்தது. டாக்டர் துணைவரிடம் சொல்வதற்கும் அந்தச் சட்டத்தில் வரம்பு உண்டு. நோயாளிக்கு ஆலோசனை கூறியிருக்க வேண்டும். அவர் தாமாகச் சொல்லமாட்டார் என்று தெரிந்திருக்க வேண்டும். சொல்லப்போவதை அவரிடம் முன்னரே அறிவித்திருக்க வேண்டும். இந்த நிதானம் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அடிப்பவனிடம் போய்த் தனியாகச் சொல் என்று எந்தப் பெண்ணுக்கும் நாம் சொல்லமாட்டோம். அவள் முதலில் போக வேண்டிய இடம் கிளினிக்கின் ஆலோசகர்.

சொல்லத் தேவையில்லாதவர்கள் யார் யார் என்பதையும் சொல்லாவிட்டால் பாடம் அரைகுறையாகிவிடும். மாமியாருக்கும் மச்சினனுக்கும் உரிமையில்லை. அண்டை வீட்டாருக்கு உரிமையில்லை. கடையில் டீ ஆற்றுபவரிடம் முதலாளி இதைக் கேட்டறிய ஒரு நியாயமும் இல்லை. டீயில் இது பரவாது. பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும், இவ்வேட்டை எழுதும் நமக்கும்கூட உரிமையில்லை. தெரியவந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் நம் வேலை. ஒரு விருந்தில், ஒருவர் குடித்த தம்ளரை மட்டும் யாரோ சமையற்கட்டுக்கு வெளியே தனியே எடுத்து வைத்ததை நாம் பார்த்திருக்கிறோம். அவருக்கு இருந்தது எச்.ஐ.வி.கூட இல்லை, வெறும் வதந்தி. அந்தத் தம்ளரைப் பார்த்த இன்னொருவர், உண்மையாகவே கிருமியுள்ளவர், அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அன்றிரவு மனைவியிடம் சொல்லத் துணிவாரா? லாரி இருக்கைக்கு அடியில் மாத்திரையை ஒளித்துவைப்பவர் ஓட்டுநர் மட்டுமல்லர். அந்தத் தம்ளரை வெளியே வைத்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

சொன்னபின் மணவாழ்வு முடிந்துவிடும் என்பதும் இல்லை. மேலே கூறிய டாக்டர் சுனிதி சாலமன், 2015-ல் காலமாகும்வரை தம்மிடம் வந்த நோயாளிகளுக்கு வைத்தியம் மட்டும் பார்க்கவில்லை. கிருமியுள்ள ஆணையும் பெண்ணையும் தேடிப் பொருத்திச் சம்பந்தமும் பேசிவைத்தார். நம் கல்யாணத் தரகர்கள் கேட்டால் வியப்பார்கள். அந்த மணங்களில் இரு பக்கமும் எல்லாம் தெரிந்திருந்தது. பிள்ளை பெற்றவர்களும் உண்டு.

நம் ஓட்டுநரும் மனைவியும் மறுநாள் காலை கிளினிக்கில் எண்சீட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் அவரோடு பேசவில்லை. நடுவில் ஓர் இருக்கையைக் காலியாக விட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். எண் அழைக்கப்படுகிறது. இருவருமே உள்ளே போகிறார்கள். அவள் இரத்தத்தில் இன்று ஒன்றுமில்லை, பிள்ளைக்கும் இல்லை. இன்று இல்லை என்பதால் முடிந்துவிடவில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும், அதுவரை பிள்ளைக்குப் பால் கொடுப்பதைப் பற்றி டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று மிஸ்ஸி விளக்குகிறார். தேதியைக் கார்டில் குறிக்கிறார். கார்டை வாங்கிக் கைப்பைக்குள் வைத்த அவள், வெளியே வந்து லாரிப் பக்கம் நடக்கும்போது, முதன்முதலாகக் கேட்கிறாள்:

“அந்த மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிடணும்னு சொன்னாங்க?”